பாதியில் விட்டாலும் கெடாத சமையல்

மகள் பிறந்த பதினோராவது நாள் வெண்டைக்காய்ப் பொரியல் கரியாகிப் போனது. இருப்புச்சட்டி காய்ந்து, கடுகு வெடித்து, நறுக்கிய காயை அள்ளிப் போட்ட நேரத்தில் தொட்டிலில் அழுகை. இரண்டு நிமிட வேலைதானே என்று தீயைக் குறைத்துவிட்டுப் போனேன். ஈரத்துணியை மாற்றி, தோளில் சாய்த்து ஏப்பம் வரவழைத்து, மறுபடி நனைத்துக்கொண்டதால் மறுபடி மாற்றித் திரும்பியபோது வீடெங்கும் புகை. அன்று மதியம் மனைவிக்கு ரசம் சோறும் சுட்ட அப்பளமும்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சட்டியைத் தேய்த்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு நாள் ஆனது.

மதுரை புதூரில் மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எரிந்த மோட்டார் வந்தால் ஏன் எரிந்தது என்று பார்க்காமல் புதுக் காயில் கட்ட மாட்டோம். கட்டினால் அதுவும் ஒரு வாரத்தில் எரிந்து திரும்பி வரும். அதற்காகவே பட்டறையில் ஒரு நோட்டு உண்டு. பழுது, காரணம், செய்தது என்று மூன்று கட்டம். அன்று இரவு அதேபோல் ஒரு நோட்டைச் சமையலறையில் ஆணியில் மாட்டினேன். காரணம் என்ற கட்டத்தில் முதலில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அதை அடித்துவிட்டு ‘நிறுத்த முடியாத வேலையைத் தொடங்கியது’ என்று மாற்றினேன். அந்த இரண்டு நாளும் பாப்பா தூங்கிய நேரத்தைக் குறித்துவைத்ததில் தெரிந்தது அது. பகலில் அவளது மிக நீண்ட தூக்கம் 50 நிமிடம், மிகக் குறைந்தது 7 நிமிடம். எது எப்போது வரும் என்பதற்கு எந்த ஒழுங்கும் கிடையாது.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். நானும் மனைவியும் பால், தயிர், நெய், முட்டை, தேன் எல்லாவற்றையும் விட்டு நான்கு வருடம் ஆகிறது. நனிசைவம் என்று எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் ‘பால் வாங்காத வீடு’ என்றால் போதும். பிரசவத்துக்கு உதவியாக அத்தை பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். முழங்கால் வலி இருப்பதால் அடுப்படியில் நெடுநேரம் நிற்க அவரால் முடியாது. ஆகவே அவர் நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை, நான் அடுப்பில். முதல் நாளே கேட்டுவிட்டார்: “பச்சை உடம்புக்காரிக்கு நெய் இல்லை, பால் இல்லை, சுறாப்புட்டு இல்லை, கோழிச்சாறு இல்லை. பிறகு எதை வைத்து மாப்பிள்ளை பால் ஊறும்?”

குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதால்தான் பால் ஊறுகிறது என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அது பதிலாகப் படவில்லை என்று புரிந்தது. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. ஏறத்தாழ ஒரு டஜன் இட்லிக்குச் சமம். அதைச் சமைத்துப் போட ஆள் வேண்டும், அந்த ஆள் கையில் பாதி நேரம் குழந்தை இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு சமையலையும் ஒரே கேள்வி கேட்டேன்: எந்த இடத்தில் உன்னை விட்டுவிட்டுப் போகலாம்? குக்கர் பருப்பு நல்ல பிள்ளை. விசில் வந்ததும் அணைத்தால் ஒரு மணி நேரம் காத்திருக்கும். இட்லியும் அப்படித்தான், பானையில் தண்ணீர் தாராளமாக இருந்தால் பத்து நிமிடம் கூட வெந்தாலும் மேலே கொஞ்சம் நீர் கோக்கும், அவ்வளவே. புளிக்குழம்பை எத்தனை முறை வேண்டுமானாலும் அணைத்து ஏற்றலாம். பொரியல் மோசம். தாளிப்பு அதைவிட மோசம். கடுகு வெடிப்பதற்கும் கருகுவதற்கும் இடையே கண் கொட்டாமல் நிற்க வேண்டும். களி எல்லாவற்றுக்கும் மேல். அது இரண்டு கையையும் கேட்கும்.

முதலில் தாளிப்பைச் சரிசெய்தேன். ஒவ்வொரு வேளையும் தாளிப்பதை விட்டு, பட்டறைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை அத்தை பாப்பாவை மடியில் வைத்திருக்கும் நேரத்தில் ஒரு வாரத்துக்கும் சேர்த்துத் தாளித்தேன். 200 மில்லி நல்லெண்ணெய், மூன்று மேசைக்கரண்டி கடுகு, அதே அளவு உளுத்தம்பருப்பு, இரண்டு கரண்டி சீரகம், நான்கு வற்றல், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. பத்திய நாட்கள் என்பதால் வற்றல் குறைவு. கறிவேப்பிலையை முதல் நாளே கழுவி நிழலில் உலர்த்திவிட வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெயும் தெறிக்கும், புட்டியும் சீக்கிரம் கெடும். இலை கையில் நொறுங்கும் அளவுக்குப் பொரிந்ததும் அடுப்பை அணைத்துப் பெருங்காயம். ஆறியபின் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

பொரியலின் பழுதும் அதோடு தீர்ந்தது. பீன்ஸோ முட்டைக்கோஸோ, நறுக்கி இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு, புட்டியிலிருந்து ஒரு கரண்டி. சட்டியில் வதங்கிய காயின் ருசி இதில் வராது, உண்மை. வெண்டைக்காய்க்கு இந்த வழி ஆகவே ஆகாது, கொழகொழவென்று பசையாகிவிடும். வெண்டைக்காய் அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு மாதம் காணாமல் போயிருந்தது.

அந்தப் புட்டியில் பூண்டையும் தட்டிப் போட்டால் இன்னும் வாசமாக இருக்குமே என்றார் அத்தை. அதை மட்டும் மறுத்தேன். எண்ணெய்க்குள் காற்றுப் படாமல் நாள்கணக்கில் கிடக்கும் பூண்டில் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும். வாசத்திலோ ருசியிலோ அது தெரியாது. பாப்பா பிறந்த அன்று நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கக் கூடாது என்று மருத்துவமனையில் தடுத்ததும் இதே நுண்ணுயிருக்காகத்தான். தேனில் அதன் வித்துகள் இருக்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலுக்கு அதைத் தாங்கும் திறன் இல்லை. அத்தையோ அன்றிலிருந்து, தேன் விலங்குப் பொருள் என்பதால் நான்தான் பேத்திக்குச் சேனை வைக்க விடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பூண்டுப் பேச்சில்தான் அந்த மனத்தாங்கல் வெளியே வந்தது. நர்ஸ் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். “அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

பூண்டு குழம்புக்குப் போனது. 200 கிராம் மலைப்பூண்டு, அதில் பாதி சின்ன வெங்காயம், எலுமிச்சை அளவு புளி, வறுத்துப் பொடித்த மிளகு இரண்டு கரண்டி, சீரகமும் மல்லியும் ஒவ்வொரு கரண்டி, வெந்தயம் கால் கரண்டி, நான்கு குழிக்கரண்டி நல்லெண்ணெய். இதன் அருமை என்னவென்றால், வேலை முழுவதும் துண்டு துண்டாக உடையும். காலையில் பாப்பா தூங்கிய 15 நிமிடத்தில் அத்தை பூண்டு உரித்தார். பதினொரு மணிக்கு எண்ணெயில் வதக்கி அணைத்தேன். ஒரு மணிக்குப் புளியும் பொடியும் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு மறுபடி அணைத்தேன். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க மூன்றரை மணி ஆனது. இடையில் நான்கு முறை அடுப்பு அணைந்து எரிந்தது, குழம்புக்கு ஒரு குறையும் இல்லை. குளிர்பெட்டியில் நான்கு நாள் வந்தது. மூன்றாம் நாள்தான் ருசி உச்சத்தில் இருந்தது.

முருங்கைக்கீரைக்கு ஆள் தேவையே இல்லாத ஒரு வழி இருக்கிறது. எனக்கு அது முப்பத்து நான்கு வயது வரை தெரியாது. காலையில் அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போய் (1999-இல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த உழவர் சந்தை இதுதான்) இரண்டு கட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு இலையாக உருவிக்கொண்டிருந்தேன். அத்தை கட்டைப் பிடுங்கிப் பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி மூலையில் வைத்துவிட்டார். மறுநாள் காலை பிரித்து உதறினால் இலையெல்லாம் தானே உதிர்ந்து துணியில் கிடக்கிறது. கையில் காம்பு மட்டும். ஊறுவது, புளிப்பது, உதிர்வது என்று நாம் தூங்கும்போதும் நடக்கிற வேலைகளுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கியது அன்றிலிருந்துதான்.

உளுந்தங்களியில் ஒரு சின்ன வெற்றி. உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும்தான் அது. அத்தையின் பட்டியலில் நாங்கள் எதையும் மாற்றத் தேவையில்லாத ஒரே பண்டம். ஆனால் கிண்டத் தொடங்கினால் கையை எடுக்க முடியாது. இரண்டு முறை கட்டி தட்டி, அடிபிடித்துக் குப்பைக்குப் போனது. மூன்றாம் முறை, நான்கு பங்கு உளுந்தும் ஒரு பங்கு பச்சரிசியும் வறுத்து அரைத்த மாவில் ஒரு டம்ளரை எடுத்து, மூன்று டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, குக்கருக்குள் கிண்ணத்தில் வைத்து நான்கு விசில் விட்டேன். திறந்து பார்த்தால் மேலே தண்ணீர், அடியில் பாறை. மனம் விட்டுப்போனது. ஆனாலும் மத்தை எடுத்துக் கடைந்தேன். இரண்டு நிமிடத்தில் களியாகத் திரண்டது. கருப்பட்டியைக் காய்ச்சி மண் போக வடிகட்டி ஊற்றி, அடுப்பில் வைத்து ஐந்து நிமிடம், நல்லெண்ணெய் விட்டுவிட்டுக் கிளறினால் முடிந்தது. “கிண்டிய களி மாதிரி வழவழப்பு இல்லை” என்றார் அத்தை. இரண்டு உருண்டை சாப்பிட்டார்.

இனி நிலக்கடலைத் தயிர். இந்தப் பதிவின் பாதித் தொல்லை இதுதான். நான்கு வருடமாக நாங்கள் தயிர் இல்லாமல் இருந்தோம், குறையாகத் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பின் மனைவிக்கு ஒரு நாள் மோர்ச்சோறு வேண்டும்போல் இருந்தது. பங்குனி வெயில். கேட்டதே அபூர்வம் என்பதால் இறங்கினேன்.

முதல் முயற்சியில் வறுத்த கடலையை அரைத்துவிட்டேன், வாசமாக இருக்குமென்று. பழுப்பு நிறத்தில் கடலைச் சட்னி புளித்துப்போன மாதிரி ஒன்று கிடைத்தது. நோட்டில் ‘வறுக்காதே’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். இரண்டாம் முறை பச்சைக் கடலை. ஒரு டம்ளரை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, ஐந்து டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, பத்து நிமிடம் காய்ச்சினேன். கடலைப்பாலும் பசும்பாலைப் போலவே நுரைத்துப் பொங்கும், பக்கத்தில் நிற்க வேண்டும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் எட்டுப் பச்சை மிளகாயின் காம்புகளைக் கழுவிப் போட்டு மூடினேன். அந்தக் காம்புகளில் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள் பாலைப் புளிக்கவைக்கும். ஆறு மணி நேரத்தில் பார்க்க நினைத்தேன், பாப்பா விடவில்லை. பத்து மணி நேரம் கழித்துத் திறந்தபோது மேலே மஞ்சள் தண்ணீர், கீழே திரிந்த கட்டி, நாக்கில் வைத்தால் கசப்பு.

இங்கேதான் பட்டறை புத்தி உதவியது. பழுது இரண்டு: தண்ணீர் அதிகம், நேரம் அதிகம். மூன்றாம் முறை தண்ணீரை மூன்று டம்ளராகக் குறைத்தேன். நேரத்துக்கு ஊரின் வெக்கையைக் கணக்கில் எடுத்தேன்; எங்கள் அடுப்படி கிழக்கு பார்த்தது, சித்திரைப் பகலில் அது தானே ஒரு அடுப்பு. புளிக்கும் வேலையைப் பகலில் செய்ததுதான் தவறு. இரவு பத்து மணிப் பால் கொடுக்கும் வேளையில் காம்பு போட்டு, விடியற்காலைப் பால் வேளையில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். பாப்பா எப்படியும் எழுப்பிவிடுவாள், அலாரம் தேவையில்லை. உறைந்திருந்தது. கரண்டியால் வெட்டி எடுக்க முடிந்தது. அடுத்த முறைக்கு உறைமோராக அதிலிருந்தே இரண்டு கரண்டி எடுத்துவைத்தேன், நேரம் இன்னும் குறைந்தது.

ஒரு எச்சரிக்கையை நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். கடலையைக் கொட்டிப் பரப்பிப் பொறுக்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் முழுதாகப் போகாது, தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குப் போகும். பிழிந்த சக்கையை அடை மாவில் கலந்துவிடலாம்.

ருசி? சோற்றில் பிசைந்து தனியாகச் சாப்பிட்டால் கடலை வாடை தெரியும். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தட்டிப் போட்டு நீர்மோராக்கினால் நன்றாகவே இருக்கும். எங்கள் தெரு மூன்றுமாவடிக்குப் பக்கம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள், அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்க்க வந்த சொந்தங்கள் பதினான்கு பேர் வீட்டில் இருந்தார்கள். பானகமும் கடலை மோரும் வைத்தோம். கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் இன்னது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதனாலோ என்னவோ பானகம் அரை மணியில் தீர்ந்தது, மோர்ப் பானை பாதியில் நின்றது. மனைவியின் சித்தப்பா மட்டும் மூன்று டம்ளர் குடித்தார். அவர் ராணுவத்தில் இருந்தவர், எதைக் கொடுத்தாலும் குடிப்பார் என்று பிறகு தெரிந்தது.

பருத்திப்பாலையும் வீட்டில் செய்து பார்த்தேன். மாலையானால் மதுரைத் தெருவோரங்களில் தள்ளுவண்டியில் சூடாகக் கிடைக்கிற பண்டம், சுக்கும் ஏலமும் மணக்க. பருத்திக்கொட்டை தின்ற மாடு பால் கறக்கும் என்ற நம்பிக்கையில் அத்தைக்கு இதன்மேல் ஒரு பிடிப்பு. கொட்டையை நாட்டு மருந்துக் கடையில் வாங்க வேண்டும். விதைப்புக்கு விற்கிற கொட்டையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். இரவு ஊறவைத்து, அரைத்து, மூன்று முறை பிழிந்து, அரைத்த பச்சரிசி கரைத்துவிட்டு நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். பருத்திக்கொட்டையில் காசிபோல் (gossypol) என்ற இயற்கை நஞ்சு உண்டு, சூட்டில் அதன் வீரியம் குறையும் என்பதால் அரைகுறையாக இறக்கக் கூடாது. மருத்துவரிடம் கேட்டதற்கு எப்போதாவது ஒரு டம்ளர் போதும் என்றார். ஒருமுறை செய்தேன். அரிசி மாவு விட்ட நொடியிலிருந்து கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பாப்பாவோ அந்த நொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிபிடித்தது. இப்போது ஆசை வந்தால் பசும்பால் கலக்கவில்லையே என்று கேட்டுக்கொண்டு வண்டியில் வாங்கிவிடுகிறேன்.

சமையலால் ஆகாத ஒன்றும் இருக்கிறது. வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பும் அளவுக்குக் கிடைப்பதில்லை. தாய்க்கு அது குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். குழந்தையின் மூளை, நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய சோற்றிலும் புளித்த மாவிலும் தேவையானது கிடைத்துவிடும் என்று நண்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நம்பி மனைவியின் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தவில்லை. கர்ப்பத்தின் போதே மருத்துவரிடம் எதையெதைச் சாப்பிடுவதில்லை என்று மறைக்காமல் சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்து எழுதி வாங்கியது அது. பாப்பாவுக்கு நாள்தோறும் கொடுக்கும் வைட்டமின் டி சொட்டுமருந்து பெரும்பாலும் ஆட்டுரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. எனக்கும் தெரியும். கொடுக்கிறேன்.

வியாழக்கிழமை அத்தை ஊருக்குப் புறப்பட்டார். தாளிப்பு எண்ணெய் இரண்டு புட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். கடலைத் தயிரும் கொஞ்சம் தரட்டுமா என்றேன். “பஸ்ஸில் பொங்கிவிடும் மாப்பிள்ளை” என்றார்.

நோட்டில் கடைசியாக எழுதியது நேற்று. பழுது: மிக்ஸி ஓடினால் பாப்பா தூங்குகிறாள், நிறுத்தினால் விழித்துக்கொள்கிறாள். செய்தது: தேங்காய்ச் சட்னியைத் தேவைக்கு மேல் ஆறு நிமிடம் அரைத்தேன். காரணம் கட்டம் காலியாக இருக்கிறது.